சீல் உடைக்காத மதர்போர்டு

சித்தப்பாவுக்கு அவருடைய அலுவலகத்தில் வழங்கும் பெயர் 'சீல் சார்'. லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள், உதிரிபாகம் எது வேண்டுமானாலும் அவருடைய கம்பி ஜன்னலுக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். கம்பிக்கு உள்ளே இருப்பது அவரா, அவர்களா என்பது பார்க்கிறவரின் மனநிலையைப் பொறுத்தது.

ஸ்டோரில் சீல் உடைந்த பெட்டியை அவர் கையால் தொடமாட்டார். கேட்கிற பாகத்தின் எண்ணில் ஒரு எழுத்து குறைந்தாலும் கொடுக்கமாட்டார். ஒருமுறை கதவு உருளை வாங்க வந்த ஒரு மெக்கானிக், எண்ணை முழுதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் வரும் எழுத்தை மட்டும் விட்டுவிட்டார்.

"நம்பர் சரி தம்பி. எழுத்து?"

"ஏ-வா பி-யான்னு பாக்கல சார். ரெண்டும் ஒன்னு மாதிரிதான் இருக்கும்."

"ஒன்னு மாதிரி இருக்கறதெல்லாம் ஒன்னாயிடுமா? நீயும் உங்க அண்ணனும் ஒன்னு மாதிரிதான் இருக்கீங்க. உன் சம்பளத்த அவர்கிட்ட கொடுத்துடச் சொல்லவா?"

மெக்கானிக் ஊரின் மறுகோடிக்குத் திரும்பிப் போய் எழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதுவரை ஒரு கட்டடத்து ஜனங்கள் முழுவதும் படியேறினார்கள். அது உடம்புக்கு நல்லது என்று சித்தப்பா அபிப்பிராயப்பட்டார். அவரும் படிதான் ஏறுகிறார். நாங்கள் மூன்றாவது மாடியிலும் அவர் நாலாவது மாடியிலும் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. ஆனால் அது வேறு கம்பெனியுடையது. விசுவாசத்துக்கு முழங்கால் வலி ஒரு பொருட்டல்ல.

சித்தி வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்பவர். கடைத் திறப்பு, பள்ளி ஆண்டுவிழா, பல் மருத்துவர் ஒருவரின் சிரிப்பு விளம்பரம் என்று கிடைப்பதைச் செய்வார். கடைத் திறப்பில் கத்தரிக்கோல் முதலாளி கையில் இருக்கும். உண்மையான வெட்டு சித்தியின் கையில். அதற்காக அவரிடம் இருந்த கம்ப்யூட்டர் நிதானமான சுபாவம் கொண்டது. ஒரு இடத்தில் வெட்டச் சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் துணியைக் காயப்போட்டுவிட்டு வந்தால், வெட்டு திரையில் தெரியும். சில நாள் துணி முதலில் காய்ந்துவிடும்.

"புதுசா ஒன்னு வாங்கிடலாம்ங்க" என்று சித்தி சொன்னது எப்போதோ.

"கம்ப்யூட்டர வாங்கறதா? அது கட்டறதுமா" என்றார் சித்தப்பா.

"வீடு மாதிரியா?"

"வீடு கட்டறதுக்குக்கூட இவ்வளவு யோசிக்க வேண்டியதில்ல."

அன்று தொடங்கிய யோசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் காபி குடித்தபடி அவர் அதை எல்லோருக்கும் விளக்குவார். கம்ப்யூட்டரின் மூளைக்கு பிராசஸர் என்று பெயர். அதைத் தாங்கும் பெரிய பலகை மதர்போர்டு. பலகையில் மூளை போய் உட்காருவதற்கென்று உள்ள சதுர இடம்தான் சாக்கெட். எல்லா பிராசஸரும் எல்லா சாக்கெட்டிலும் உட்காராது. தலைமுறைக்குத் தலைமுறை முள்ளின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறிவிடும். ஆகவே முதலில் சாக்கெட்டைத் தீர்மானித்து, பிறகுதான் மற்றதையெல்லாம் வாங்க வேண்டும்.

"நம்ம சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லுங்க தம்பி" என்றார் அம்மா. "ஒருத்தர் உட்கார்ற சேர்ல இன்னொருத்தர் உட்காரமாட்டாங்க."

"விளையாட்டு இல்ல அண்ணி. சாக்கெட்ல தப்பு பண்ணா எல்லாம் போச்சு."

அந்த ஒரு விஷயத்தில் சித்தப்பா தப்பே செய்யவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அவர் இன்றுவரை தரும் விளக்கமும் அதுதான்.

முதலில் மதர்போர்டு வந்தது. நீண்ட காலம் நிலைக்கப்போகும் சாக்கெட், இன்னும் பிறக்காத பிராசஸர்களைக்கூட அதில் உட்காரவைக்கலாம் என்று எங்கோ படித்திருந்தார். பெட்டி பீரோவின் மேல் ஏறியது, சீலோடு. பிறகு பல மாதம் கழித்து மெமரி வந்தது. அதுவும் சீலோடு பீரோ மேல். பிராசஸர் மட்டும் வரவில்லை. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் அதைவிட நல்லது அடுத்து வரப்போவதாகத் தகவல் வந்துவிடும். வந்தவுடன், அதற்கும் அடுத்தது கிளம்பியிருக்கும். உலகத்தில் பிராசஸர் தயாரிக்கிறவர்கள் சித்தப்பா வாங்கிவிடக் கூடாதே என்றுதான் இத்தனை வேகமாக உழைக்கிறார்களோ என்று தோன்றும்.

வாரம் ஒருமுறை அவரே ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் பெட்டிகளைத் துடைப்பார்.

"தம்பி, ஒரு தடவ பிரிச்சு உள்ள நல்லாருக்கான்னு பாத்துடக்கூடாதா?" என்று அம்மா கேட்டார்.

"செட்டு முழுசா சேராம சீல் உடைக்கவே கூடாது அண்ணி. ஸ்டோர்ல அதுதான் முதல் பாடம்."

"உள்ளயே கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுப்போக அது என்ன கத்தரிக்காயா? சீல் இருக்கற வரைக்கும் அது புதுசு. இருபது வருஷம் கழிச்சுப் பிரிச்சாலும் புதுசு."

சித்தி மொட்டை மாடியில் துணி காய்ந்ததா என்று பார்க்கப் போனார்.

இந்த நிலையில்தான் அந்த வேலை வந்தது. பள்ளிப் பாடங்களை வீடியோவாகத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு நிரந்தரமாக ஒரு எடிட்டர் தேவைப்பட்டார். விண்ணப்பித்தவர்களில் சிலருக்கு மட்டும் மாதிரிக்கு ஒரு பாடத்தைக் கொடுத்து, எடிட் செய்து திங்கட்கிழமை காலை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். சித்திக்குக் கிடைத்த பாடம் தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது என்பது. பாடம் நடத்திய ஆசிரியர் நல்லவர், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் "சரிங்களா?" என்று கேட்பவர். தண்ணீர் கொதிப்பதற்குள் அவர் எத்தனை முறை கேட்டாரோ. சித்தி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வேலை தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சித்தி யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும், "இது கிடைச்சா இனி ரிப்பன் வெட்டற முதலாளிங்க மூஞ்சிய பாக்க வேண்டாம்க்கா" என்றார். சித்தி அளவில் அது ஒரு பெரிய பிரசங்கம்.

சனிக்கிழமை மத்தியானம் பாதி வேலை முடிந்திருந்தது. அப்போது சித்தப்பா படியேறி மூச்சு வாங்க வந்து, ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தார். பிராசஸர். வந்து சில நாளே ஆன புத்தம்புதிய பிராசஸர்.

"செட்டு சேந்துடுச்சு. இன்னைக்கே கட்டிடலாம்."

"திங்கக்கிழமை முடியட்டுமேங்க."

"பழசுல ரெண்டு நாள் இழுக்கற வேலைய புதுசுல அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு நிம்மதியா இரேன். உனக்காகத்தானமா இவ்வளவும்."

'உனக்காகத்தான்' என்பதற்குப் பதில் சொல்லும் வழியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சித்தி வீடியோக்களை எல்லாம் ஒரு டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

விழாவுக்கு அம்மாவும் அழைக்கப்பட்டார். சித்தப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ முழுக்க வீடியோ எடுமா. குடும்ப குரூப்ல போடணும்." சித்தி போனைப் பிடித்தார்.

பழைய கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி புதியதற்கும் வேண்டியிருந்ததால் முதலில் அதைக் காலிசெய்ய வேண்டும். ஒவ்வொரு வயரையும் பிடுங்கும்போது அதன் பெயரைச் சொல்லி, அது ஏன் காலாவதியானது என்பதையும் சொன்னார். பழைய மதர்போர்டு வெளியே வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ரசிகர்கள் இருவர் எதிரே இருக்கும்போது யார் விடுவார்கள்? விசிறியைக் கழற்றி, பழைய பிராசஸரையும் தூக்கிக் காட்டினார். அடியில் சீப்புப் பல்லைவிட மெல்லிய முட்கள், வரிசை வரிசையாக.

"பாருங்க அண்ணி, இதுக்கும் புதுசுக்கும் ஒரு முள்ளுகூட ஒத்துப்போகாது. தலைமுறை வேற."

சொல்லிக்கொண்டே அதை ஒரு டீ சாஸரில் டக்கென்று போட்டார்.

பிறகு பீரோ மேலிருந்து பெட்டிகள் இறங்கின. சீல் உடைத்தபோது அவர் கண்ணில் லேசாக ஈரம் தெரிந்ததாக அம்மா சொல்கிறார், அம்மா மிகைப்படுத்துபவர். புது பிராசஸரை சாக்கெட்டின் மேல் வைத்ததும், அழுத்தவே தேவையில்லாமல், தன் பாட்டுக்கு இறங்கி உட்கார்ந்தது. பெண்ணை நல்ல இடத்தில் கொடுத்த தகப்பனின் நிறைவோடு சித்தப்பா நிமிர்ந்தார்.

"பொருத்தம்னா இது பொருத்தம்."

சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. ஒரு சின்ன விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"முதல் தடவ கொஞ்சம் யோசிக்கும்" என்றார் சித்தப்பா.

"உங்க குடும்பத்துல யோசிக்கறதுக்குக் குறைச்சலே இல்ல" என்றார் அம்மா.

அது யோசித்துக்கொண்டே இருந்தது. வயர்களைக் கழற்றி மாட்டினார். மெமரியை இடம் மாற்றினார். திரையைத் தட்டினார். திரையின் மேல் குற்றமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தாலும் யாரும் தடுக்கவில்லை. சித்தி போனை இறக்கிவிட்டு, டிஸ்க்கைக் கையில் வைத்தபடி நின்றார்.

கடைசியில் பிராசஸர் விற்ற கடைக்காரருக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் அவர் எதையோ மென்றுகொண்டிருந்தது கேட்டது.

"போர்டு எப்ப வாங்கினது சார்?"

"புது போர்டு. சீல் பிரிக்காதது."

"சரி, எப்ப வாங்கினது?"

"சீல் இன்னைக்குத்தான் பிரிச்சேன்."

"அதில்ல சார். வாங்கினது எப்ப?"

சித்தப்பா சொன்னார். மறுமுனையில் மெல்லுவது ஒரு கணம் நின்றது.

"போர்டுக்குள்ள பயாஸ்னு ஒரு புரோகிராம் இருக்கும் சார். எந்தெந்த பிராசஸர் தனக்கு வேண்டப்பட்டதுன்னு அதுல இருக்கும். உங்க போர்டு ஃபேக்டரிய விட்டு வெளிய வந்தப்ப இந்த பிராசஸர் பொறக்கவே இல்ல. சாக்கெட்டு ஒன்னுதான், உட்காரும். ஆனா யாரு வந்து உட்கார்ந்திருக்கான்னு போர்டுக்குத் தெரியாது. பயாஸ அப்டேட் பண்ணணும்."

"எப்படின்னு சொல்லுங்க, இப்பவே பண்றேன்."

"உங்க போர்டுல, அது ஆன் ஆனாத்தான் சார் பண்ண முடியும். ஆன் ஆகறதுக்கு அதுக்குத் தெரிஞ்ச பழைய பிராசஸர் ஒன்னு வேணும், இதே சாக்கெட்ல."

"அதாவது," என்றார் அம்மா, "புது மாப்பிள்ள உள்ள வரணும்னா பழைய மாப்பிள்ள வந்து கதவத் திறந்துவிடணும்."

"யாரு சார் அது, கரெக்டா சொல்றாங்க" என்றார் கடைக்காரர். "செவ்வாக்கிழம எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் ஊர்ல இல்ல. அப்புறம் ஒரு நல்ல கேபினட் வந்திருக்கு சார், உள்ள கலர் கலரா லைட் எரியும்."

சித்தப்பா பேச்சை முடித்துவிட்டு, அதே போனில் மதர்போர்டு தயாரித்தவர்களின் இணையப் பக்கத்தைத் திறந்தார். எந்தெந்த பிராசஸர் பொருந்தும் என்று அதில் போட்டிருக்கும். அவருடையது இருந்தது. "பாருங்க, இருக்கு. நான் பாக்காமலா வாங்குவேன்?"

"பக்கத்துல சின்னதா ஒரு நம்பர் போட்டிருக்கே, என்னங்க அது?" என்று சித்தி கேட்டார்.

அது பயாஸின் பதிப்பு எண். இதற்குக் குறைந்த பதிப்பில் வேலை செய்யாது என்று அதற்கு அர்த்தம். சித்தப்பா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அது... ஒரு வெர்ஷன் நம்பர்."

"ஏ-வா பி-யா தம்பி?" என்றார் அம்மா.

அதே போர்டைப் போன மாதம் வாங்கியிருந்தால் ஃபேக்டரியிலேயே புதுப் பதிப்பைப் போட்டு அனுப்பியிருப்பார்கள். அல்லது வாங்கிய அன்றே பிரித்து எதையாவது மாட்டி ஓட்டியிருந்தால் நடுவில் ஒருநாள் அப்டேட் செய்திருக்கலாம். வாரம் தவறாமல் துடைத்து, தூசி படாமல், சீல் கலையாமல் காப்பாற்றியதில்தான் அது பழசாகிப்போனது. கத்தரிக்காயாக இருந்திருந்தால் நாற்றமாவது அடித்திருக்கும்.

"ஒன்னும் பிரச்சனை இல்லமா" என்றார் சித்தப்பா. "அவங்களுக்கு ஒரு போன் பண்ணி புதன்கிழம தரேன்னு சொல்லிடு. நல்ல சிஸ்டத்துல பண்ணித் தரேன்னு சொன்னா கேப்பாங்க."

"கேப்பாங்க. கேட்டுட்டு வேற ஆளுக்குக் கொடுப்பாங்க."

"அப்படியெல்லாம்—"

"பழசக் கட்டுங்க."

"கழிச்ச சாமான் திரும்ப ஸ்டாக்குக்கு வரக்கூடாதுமா. அதுதான் முறை."

"அது உங்க ஸ்டோர்ல. இது என் மேசை. தள்ளுங்க."

சித்தி குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் சித்தப்பா தள்ளிக்கொண்டார். மெக்கானிக்குகள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

எந்த வயர் எங்கிருந்து வந்தது என்று சித்தப்பாவுக்கே நினைவில்லை, பெயர்தான் நினைவிருந்தது. சித்தி போனை எடுத்து, தான் எடுத்த வீடியோவைப் பின்னாலிருந்து முன்னாக ஓடவிட்டார். எடிட்டருக்கு அது ஒரு பொத்தான். திரையில் சித்தப்பாவின் கைகள், பிடுங்கிய வயர்களையெல்லாம் பவ்வியமாகத் திரும்பச் செருகின. கழற்றிய திருகுகள் அவர் விரலிலிருந்து பறந்துபோய்த் துளையில் இறங்கின. அவருடைய விளக்கமும் தலைகீழாக ஓடியது. நேராக ஓடியபோது புரிந்த அளவுக்கு இப்போதும் புரிந்தது. அம்மா போனைப் பிடித்துக்கொள்ள, சித்தி அதைப் பார்த்துப் பார்த்து மாட்டினார்.

சாஸரில் கிடந்த பழைய பிராசஸரை எடுத்தபோதுதான் தெரிந்தது. ஓரத்தில் ஒரு முள் சாய்ந்திருந்தது. அப்படியே வைத்தால் சாக்கெட்டுக்குள் இறங்காது, அழுத்தினால் ஒடியும். ஒடிந்தால் திங்கட்கிழமை என்பது சித்திக்கு இன்னொரு கிழமை, அவ்வளவுதான்.

"அது நானா பண்ணது?" என்று சித்தப்பா கேட்டார்.

வீடியோவில் அந்த டக் சத்தம் தெளிவாகவே பதிவாகியிருந்தது.

சித்தி தையல் ஊசி ஒன்றை எடுத்துவந்தார். "டார்ச்சப் பிடிங்க." சித்தப்பா பிடித்தார். "இங்க இல்ல, ஓரத்துல." ஓரத்தில் பிடித்தார். ஊசி முனையால் முள்ளைத் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டு, சித்தி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். டார்ச் வெளிச்சம் லேசாக ஆடியது. "ஆட்டாதீங்க" என்றார் சித்தி. அவர் இன்னொரு கையால் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை காலத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு அவர் செய்த உருப்படியான காரியம் அதுதான். அதை அவர் நன்றாகவே செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிராசஸர் இறங்கி உட்கார்ந்தது. அதற்கும் விசிறிக்கும் நடுவே தடவ ஒரு பசை வேண்டும். சித்தப்பாவிடம் புது ட்யூப் ஒன்று இருந்தது, சீலோடு. அதை நீட்டும்போதும் கை ஒரு கணம் தயங்கியது. சித்தி வாங்கிப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

சுவிட்ச் போட்டதும் பழைய கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி நீளமாக முக்கியது. பிறகு திரை வந்தது.

"அம்மாடி" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார் அம்மா.

சித்தி உடனே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. பெரிய வீடியோவை அப்படியே தூக்க அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை. ஆகவே அதன் மங்கலான, லேசான நகல் ஒன்றைச் செய்து, வெட்டுகளையெல்லாம் அதில் வெட்டி, கடைசியில் மட்டும் அசலைச் சேர்த்து வெளியே எடுக்கவைத்தார். அந்தக் கடைசி வேலைக்குப் பாதி ஞாயிற்றுக்கிழமை போனது. விசிறி மாவுமில் மாதிரி இரைந்தது. சித்தப்பா வீட்டில் யாரும் பலமாக நடக்கக் கூடாது, ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, தானே காவலுக்கு உட்கார்ந்தார். சாயங்காலம் தண்ணீர் கொதித்து முடிந்தது. ஒரு "சரிங்களா" கூட மிச்சமில்லை.

திங்கட்கிழமை சித்தி அந்த நிறுவனத்துக்குப் போனார். அங்கே தலைமை எடிட்டர் ஒரு அம்மாள். பாடத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, "அந்த வாத்தியார் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லயே" என்றாராம். பிறகு, "இங்கயே வந்து செய்ய முடியுமா? சிஸ்டம் நாங்க தர்றோம்" என்றாராம். சித்தி, "முடியும்" என்றாராம். எங்களுக்குச் சொன்னபோதும் அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அம்மாதான் சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"அந்த பேஸ்ட்டு நான் வாங்கி வெச்சது" என்று சித்தப்பா எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினார்.

சித்தி வேலைக்குப் போய்வந்த முதல் நாள், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தப்பா கேட்டுவிட்டார். "அங்க என்ன சிஸ்டம்? எந்த சாக்கெட்?"

"தெரியலங்க. பட்டன் இருக்கு. அமுக்கினா ஆன் ஆகுது."

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியாமல் அவர் அன்று சாப்பாட்டை மிச்சம் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை கடைக்காரர் சொன்னபடியே ஒரு பழைய பிராசஸரை மாட்டி, பயாஸை அப்டேட் செய்து கொடுத்திருந்தார். கலர் விளக்கெரியும் கேபினட்டும் கூடவே வந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் உண்மையாகவே மின்னல். சித்தப்பா கணக்கில் அணுவளவும் பிசகவில்லை. அதில் வெட்டத்தான் ஆளில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு வருகிற சித்தி, வீட்டில் அது இருக்கும் அறைப் பக்கமே போவதில்லை.

அதனால் சித்தப்பா அதில் வானிலை பார்க்கிறார். தினமும் காலையில் சித்தி கிளம்பும் நேரத்துக்குச் சரியாக அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"மழை வருமான்னு பாக்கட்டுமா?"

"பாருங்க."

சித்தி ஒரு செருப்பை மாட்டுவதற்குள் பதில் வந்துவிடும். "வராது."

"அதுக்குள்ளயா பாத்துட்டீங்க?"

"புது பிராசஸர்மா" என்பார் சித்தப்பா, ரொம்பவும் அடக்கமாக.

"நல்லாருக்குங்க" என்பார் சித்தி. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.